காவேரிக்கு அணை கட்டின ராசா

பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது அந்தப் பயலுக்கு. அதற்குள் அவன் தலையில் எத்தனை கிரீடங்களை வைத்து எடுத்துவிட்டார்கள் என்கிறீர்கள்! பம்பாயின் பாண்டுப்பில் அவன் அம்மாவைப் பெற்ற நயினாரின் வீட்டில்தான் இந்தக் கூத்து. நயினார் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து செல்போனில் சரித்திர வீடியோ பார்ப்பதே அவருக்கு உத்தியோகம். எந்த ராஜாவிடம் எத்தனை யானை இருந்தது என்று கேட்டால் யானையின் வயதையும் சேர்த்துச் சொல்லுவார்.

மருமகன் சுதன் போனில் ராஜாக்கள் பட்டியலைத் திறந்து, ஆங்கில எழுத்தில் இருந்த பேர்களை ஒவ்வொன்றாக வாசித்தான். தாராவியில் பிறந்து தாராவியில் வளர்ந்தவன், தமிழ் எழுத்தென்றால் அவனுக்குக் காத தூரம்.

"பாரி."

"முல்லைக் கொடிக்குத் தேரக் குடுத்துட்டு நடந்து வந்தவரு. பம்பாயில வண்டிய யாருக்கோ குடுத்துட்டு நடந்து வந்தா பொழைக்க முடியுமா மாப்ள? அடுத்தது."

"அதியமான்."

"கெடைச்ச ஒரு நெல்லிக்கனியையும் தான் திங்காமக் குடுத்தவரு. நம்ம பய திங்கட்டும்."

"கரிகாலன்."

"ஐய, அது ஆகாது. நெருப்புல கால் கருகிப் போனவரு. பச்சப்பிள்ளைக்குக் கருகின காலுன்னா பேரு வைப்பாக? தள்ளுங்க அத."

மூலையில் உட்கார்ந்து பிள்ளையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள் கனகவள்ளி. சுதனின் அம்மா. அந்த மூன்றாவது பேரைக் கேட்டதும் அவள் கை அப்படியே நின்றுபோனது. போகிற போக்கில் எடுத்து, பிடிக்கவில்லை என்று தள்ளிவிட்டார்களே, அது அவள் புருஷனின் பேர். அவர் செத்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. அந்தப் பேர் அவர் பெற்ற மகனுக்கே தெரியாது.

"எதுக்கு மாமா இவ்ளோ தேடணும்?" என்று போனை மடியில் போட்டான் சுதன். "எங்கப்பா பேரே ராஜராஜன்தான? தாத்தா பேரு பேரனுக்கு. ராஜா பேரும் ஆச்சு, முறையும் ஆச்சு. ஏக்தம் பக்கா."

நயினார் தொடையில் தட்டினார். "அடப் பாவிகளா, வீட்டுக்குள்ளயே சக்கரவர்த்திய வச்சுக்கிட்டா வெளிய தேடினோம்? பெரிய கோயில் கட்டினவரு பேரு. முடிஞ்சது வேல. முப்பத்தோராம் நாள் தொட்டில் போட்டு, பேரு விட்டுருவோம்."

"அத்தே, உங்களுக்கும் சம்மதந்தான?" என்றாள் பொன்செல்வி. பிள்ளை பெற்ற அசதியிலும் மாமியாரைக் கேட்காமல் ஒன்றும் செய்யாத பெண்.

கனகவள்ளி வாயைத் திறந்தாள். "உங்க இஷ்டம்மா," என்று சொல்லிவிட்டு மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், பெற்ற மகனுக்கு அப்பன் பேர் தெரியாமல் இருக்குமா என்று. கேளுங்கள், நியாயமான கேள்விதான்.

முப்பத்து மூன்று வருஷத்துக்கு முந்திய சங்கதி இது. கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத இருபது வயதுப் பெண் கனகவள்ளி. ரேஷன் கார்டுக்குப் பேர் எழுத ஒருவர் சந்துக்குள் வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். புருஷன் கடைக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தார். வீட்டுக்காரர் பேர் என்ன என்று இந்தியில் கேட்டார் வந்தவர். புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாளே, எப்படிச் சொல்லுவாள்? கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்து ரூம் ஷரீஃபுன்னிசா எட்டிப் பார்த்தாள். அவள் புருஷனுக்குத் தோல் பை தைக்கிற வேலை. அவளும் அந்தப் பக்கத்து ஊர்க்காரிதான், கனகவள்ளியைவிட ஐந்து வயது மூத்தவள். "என்னட்டி, அவரு கெளம்புதாரு. பேரச் சொல்லு," என்றாள்.

"எப்படிக்கா சொல்ல?"

"அடையாளம் சொல்லு, நா சொல்லிக்கிடுதேன்."

"ராசா பேருக்கா. காவேரிக்கு அணை கட்டின ராசா."

"சோழ ராசாவா?"

"ஆமா."

ஷரீஃபுன்னிசாவுக்குத் தெரிந்த சோழ ராஜா ஒரே ஒருத்தர்தான். "ராஜராஜன், சாப்," என்று சத்தமாகச் சொன்னாள். இவள் பதறிப்போய்த் தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு அவர் எழுதி, சுருட்டி, பையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு தாள் கோணலாகப் பிறந்தால் அதன் பிள்ளைகுட்டிகளுக்கெல்லாம் அதே மூக்குத்தான். ரேஷன் கார்டைக் காட்டி வாக்காளர் அட்டை, அதைக் காட்டி லைட் பில், அதைக் காட்டி சுதனின் பிறப்புச் சான்றிதழ். எல்லாவற்றிலும் ராஜராஜன். அவர் கோபப்பட்டாரா என்றால், அதுதான் இல்லை. விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய அப்பா மேடைப் பேச்சுக் கேட்டே வளர்ந்த மனுஷன், மூன்று பையன்களுக்கும் மூன்று ராஜாக்கள் பேரை வைத்தவர். "எங்கப்பா என்னய ராசா ஆக்குனாரு, நீ சக்கரவர்த்தி ஆக்கிட்ட," என்பார். திருத்துவதற்கு இரண்டு முறை ஆபீஸுக்கு நடந்தார். இந்தத் தாள் கொண்டா, அந்தத் தாள் கொண்டா என்றார்கள். கடையைப் பூட்டிவிட்டு எத்தனை நாள் நடக்க முடியும்? விட்டுவிட்டார். சந்தில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. பேருக்கு என்ன வேலை?

சில நாள் சாப்பிட்டுவிட்டுக் கை துடைக்கும்போது வம்புக்கு இழுப்பார். "இப்ப யாரும் இல்லல்லா, ஒரே ஒரு தடவ சொல்லு பாப்போம்." இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போங்க, வேற சோலி இல்ல," என்பாள். அவ்வளவுதான் அவர்கள் சண்டை.

சுதனுக்கு ஐந்து வயதிருக்கும்போது மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையிலும் ராஜராஜன்தான். காய்ச்சல் மூளைக்கு ஏறிய அன்றைக்கு நர்ஸ் வந்து அவர் தோளைத் தட்டி, "ராஜராஜன், ராஜராஜன்," என்று கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. தன் பேர் இல்லையே, எப்படித் திரும்புவார்? கனகவள்ளிக்குத் தெரியும். அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார் என்று உயிர் அடித்துக்கொண்டது. காலடியில் நின்று "ஏங்க, ஏங்க" என்றாள். அந்த வார்டில் நாற்பது பெண்கள் நாற்பது பேரை "ஏங்க" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் விடியுமுன் போய்விட்டார். பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்றாளே அம்மா. சொல்லாமலேதான் குறைந்துபோனது.

அதற்குப் பிறகு அந்தப் பேருக்கு ஆள் இல்லை. அவர் அண்ணன் தம்பிகளோடு சொத்துத் தகராறில் போக்குவரத்து நின்றுபோயிற்று. மரணச் சான்றிதழிலும் ராஜராஜன். சுதனின் கல்யாணப் பத்திரிகையிலும் அமரர் ராஜராஜன். மகனிடம் சொல்லலாமே என்றால், சொல்லக்கூடாது என்பதற்கு அவளிடம் நல்ல காரணம் இருந்தது. தாராவியை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று வருஷா வருஷம் பேச்சு, சர்வே வேறு. தாளில் ஒரு பேர், வாயில் ஒரு பேர் என்று யாராவது கிளப்பிவிட்டால் ரூமுக்கு ஆபத்து என்று பயந்தாள். அந்தப் பயம் நிஜம்தான். ஆனால் அது பாதி. சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பேரைச் சொல்ல வேண்டும், அதுதான் மீதிப் பாதி.

இப்போது பேரனுக்கு எந்தப் பேர் வைத்தாலும் ரூமுக்கு ஒன்றும் ஆகாது. அவர் பேர் உலகத்தில் ஒரு தாளில் ஏறுவதற்கு இந்த ஒரு பிள்ளைதான் வழி. இவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு தப்பு, பரம்பரைப் பேராகிவிடும். அவர் இருந்தார் என்பதற்கே அடையாளம் இல்லாமல் போய்விடும். பாண்டுப்பிலிருந்து, தாராவிக்காரர்கள் இறங்கும் சயானுக்கு வரும் ரயிலில் பெண்கள் பெட்டியில் நெருக்கிக்கொண்டு நின்றபடி இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

புருஷன் விட்டுப்போன கடையைத் திறந்து வாழையிலையில் தண்ணீர் தெளித்துவிட்டு, ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சொல்லிப் பார்த்தாள். முதல் எழுத்து வந்தது. அதற்கு மேல் இருமல்தான் வந்தது. அப்பளக் கட்டு வாங்க வந்த பெண்ணொருத்தி, "என்னாச்சு மௌசி, தண்ணி குடிக்கீங்களா?" என்று கேட்டுவிட்டாள். வெட்கமாகப் போய்விட்டது.

வாயால் முடியாவிட்டால் கையால் ஆகட்டும் என்று கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, பெரிய எழுத்தில் எழுதினாள். ஐந்து எழுத்து. சாயங்காலம் வேலை முடிந்து வந்த மகன் கையில் கொடுத்து, "இதப் படில," என்றாள்.

சுதன் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கடைக்குச் சாமானா? நாளைக்கு மாட்டுங்கா பக்கம் போறேன், வாங்கிட்டு வாரேன். எவ்ளோ கிலோ?" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அவனைக் குறை சொல்லி என்ன செய்ய? இங்கிலீஷ் மீடியத்தில் போட்டது இவள்தானே. "ஒண்ணும் வேண்டாம், குடு," என்று தாளைத் திரும்ப வாங்கிக் கல்லாவில் போட்டாள்.

மறுநாள் ஷரீஃபுன்னிசாவிடம் போனாள். இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது, ஷரீஃபுன்னிசாவுக்கு முழங்காலும் போய்விட்டது. அந்தப் பேர் தெரிந்த ஆள் தாராவியில் இவள் ஒருத்திதான் மிச்சம்.

"அக்கா, நீ அவன்ட்டச் சொல்லிரு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஷரீஃபுன்னிசா பூண்டு உரிப்பதை நிறுத்தவில்லை. "நா சொல்ல மாட்டேன்."

"என்னக்கா இப்படிச் சொல்லுத?"

"ஒரு தடவ உனக்காக நா வாயத் தொறந்தேன். ஒன் புருசன் வேற ஆளாப் போயிட்டாரு. அன்னைலேருந்து எத்தன வருசம் அத நெனச்சு நெனச்சுப் புழுங்கிருப்பேன், ஒனக்குத் தெரியுமா? அவரு மவுத்தாப் போன அன்னைக்கு ஒவ்வொருத்தரும் ராஜராஜன் ராஜராஜன்னு சொல்லச் சொல்ல எனக்குக் காதுல ஈயத்தக் காச்சி ஊத்துன மாதிரி இருந்துச்சு." பூண்டுத் தோலை ஒதுக்கினாள். "இந்தத் தடவ நீயே சொல்லு கனகு. அது ஒன் சொத்து."

கனகவள்ளிக்குக் கோபம் வந்தது. "ரொம்பத்தான்," என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். ஐந்து நாள் பேசவில்லை. ஆறாம் நாள் அவளே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய், "தொட்டில் போடுத அன்னைக்கு நீயும் பாண்டுப்புக்கு வா," என்றாள். வேறென்ன செய்வாள்? அவளுக்கு இருக்கிறதும் ஒரே ஒரு அக்காதான்.

முப்பத்தோராம் நாளும் வந்தது. சுதன் விடியற்காலையிலேயே மாட்டுங்காவுக்குப் போய் மல்லிகையும் சம்பங்கியும் வாங்கி வந்து தொட்டிலைச் சுற்றிக் கட்டினான். சுவரில் பேனர் வேறு. கிரீடமும் வாளும் போட்டு நடுவில் 'ராஜராஜன்' என்று ஆங்கிலத்தில். நயினார் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, தஞ்சாவூர்க் கோபுரத்து உச்சிக்குக் கல்லை எப்படி ஏற்றினார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். பாவம், நல்ல மனுஷன், பேரன் பிறந்த சந்தோஷம் அவருக்கு இப்படித்தான் வெளியே வந்தது.

கனகவள்ளி அடுப்படி வாசலில் நின்றாள். நல்ல காரியத்தில் முன்னால் போய் நிற்கிற வழக்கத்தை அவள் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பே விட்டாயிற்று. யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் வாவென்று கூப்பிடவும் இல்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு ஷரீஃபுன்னிசா உட்கார்ந்திருந்தாள்.

பொன்செல்வி பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள். சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு உதட்டில் வைத்தார்கள். பயல் சப்புக்கொட்டினான். "மாப்ள, குனிஞ்சு காதுல மூணு தடவ சொல்லுங்க," என்றார் நயினார். சுதன் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தான்.

கனகவள்ளி ஷரீஃபுன்னிசாவைப் பார்த்தாள். அவள் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எல, இரு."

அது தன் குரல்தான் என்று கனகவள்ளிக்கே ஒரு கணம் தெரியவில்லை. எல்லாரும் திரும்பினார்கள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மகனின் தோளைப் பிடித்தாள்.

"அது உங்கப்பா பேரு இல்ல."

"என்னம்மா சொல்ற?" சுதன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"பேப்பர்ல உள்ளது தப்பு. ரேஷன் கார்டு எழுத வந்தப்ப நா பேரு சொல்லல. சொல்லக் கூடாதுன்னு நின்னுட்டேன். வேற பேர எழுதிட்டுப் போயிட்டாக. அதுக்கப்புறம் எல்லாத்துலயும் அதே விழுந்திட்டு. ஓங்கிட்டச் சொல்லாம வச்சிருந்தது என் தப்புத்தான்."

"மொதல்ல அந்தப் பேரச் சொன்னது நாந்தான்," என்றாள் ஷரீஃபுன்னிசா, ஜன்னலைப் பார்த்தபடியே. "அவ மேல முழுசாப் பழி போடாத."

"அப்ப என் பேருக்குப் பின்னால இருக்கிற பேரு?" சுதனின் குரல் கம்மியது. "ஸ்கூல்ல, ஆபீஸ்ல, என் ஆதார்ல... அது யாரு பேரும்மா?"

"யாரு பேரும் இல்லய்யா."

முப்பது வயது ஆம்பளை, பூக்கட்டிய தொட்டிலைப் பிடித்துக்கொண்டு பிள்ளையைப் போல நின்றான். ஐந்து வயதில் அப்பாவை இழந்தவனிடம் அப்பா என்று இருந்ததே அந்தப் பேர் ஒன்றுதான். அதையும் பிடுங்கிவிட்டோமே என்று கனகவள்ளி அவன் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நயினார் தொண்டையைச் செருமினார். "மைனி, பேனரெல்லாம் அடிச்சாச்சு. இந்நேரத்துக்குப் போயி..."

"அப்பா, சும்மா இருங்க," என்றாள் பொன்செல்வி. "அத்தே, மாமா பேரு என்ன?"

கனகவள்ளியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி அசைந்தது. பெண்களில் ஒருத்தி, "பாவம், எழுதிக் காட்டச் சொல்லுங்களேன்," என்றாள்.

"வேண்டாம்," என்றான் சுதன். "எனக்கு எழுத்துப் படிக்க வராது." அவன் தொட்டிலை விட்டுத் தள்ளி நின்று அம்மாவுக்கு வழி விட்டான். "நீயே அவன் காதுல சொல்லும்மா. நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கிறேன்."

கனகவள்ளி குனிந்தாள். பயல் கண்ணை அகல விழித்து இவள் மூக்குத்தியையே பார்த்தான். அந்தச் சின்னக் காதில் வாயை வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் தடவை சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. வெறும் மூச்சு. ஆனால் ஐந்து எழுத்தும் முழுசாக வந்துவிட்டது.

இரண்டாவது தடவை பக்கத்தில் நின்ற சுதனுக்குக் கேட்டது. அவன் உதடு அதைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தது. பிள்ளைக்குப் பத்து நாளாக இருக்கும்போது தானே பட்டியலில் வாசித்துத் தள்ளிய பேர் என்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும், கையை வாயில் வைத்துக்கொண்டான். நயினாருக்கும் உறைத்தது. அவர் மெல்ல நடந்து போய், பேனரின் ஒரு பக்கத்து டேப்பை உரித்து அதை மடக்கிவிட்டார்.

மூன்றாவது தடவை அறை முழுக்கக் கேட்டது. "கரிகாலன்."

ஷரீஃபுன்னிசா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரோ குலவை போட்டார்கள். பிள்ளை சத்தத்துக்கு மிரண்டு அழ, பொன்செல்வி தூக்கித் தோளில் போட்டுத் தட்டினாள். எல்லாம் முடிந்தது, சாப்பாட்டுக்கு இலை போட வேண்டியதுதான் என்று ஆட்கள் நகர ஆரம்பித்தார்கள்.

கனகவள்ளி மட்டும் நிமிரவில்லை. காலித் தொட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே இருந்தாள். "கரிகாலன்," என்றாள் இன்னொரு தடவை. தட்டி எழுப்புகிறவள் மாதிரி, கொஞ்சம் உரக்க.

"அத்தே, மூணு தடவ ஆயிட்டு. போதும்," என்றாள் பொன்செல்வி.

"தெரியும்மா," என்றாள் கனகவள்ளி. "இது பிள்ளைக்கு இல்ல."